பிளாட்பார டிக்கெட்டும் கருணைத் தொகையும்

குண்டு வெடித்த மறுநாள் பேப்பரில் மூன்று சொற்கள் மாறி மாறி வரும். ஒரு பத்தியில் ‘நிவாரணம்’, அடுத்த பத்தியில் ‘இழப்பீடு’, பெட்டிச் செய்தியில் ‘கருணைத் தொகை’. மூணும் ஒண்ணுதான் என்கிற மாதிரி எழுதியிருப்பார்கள். வாசிக்கிற நமக்கும் அப்படித்தான் தோணும். ஏதோ பணம் கொடுக்கிறாங்க, அவ்வளவுதானே?

அவ்வளவுதான் இல்லை. இழப்பீடு என்றால் அது எனக்குச் சேர வேண்டியது. தராவிட்டால் கேட்கலாம், தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கருணைத் தொகை என்றால் கொடுப்பவர் மனசு. எவ்வளவு, எப்போது, யாருக்கு என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். ‘எனக்குப் போதுமான கருணை காட்டவில்லை’ என்று சாதாரணமாக யாரும் வழக்குப் போட முடியாது. இந்த ஒரு வித்தியாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பயங்கரவாதத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நம் நாடு வைத்திருக்கும் ஏற்பாடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

‘தேவாரத்துல உட்கார்ந்துகிட்டு உனக்கு எதுக்குப்பா பயங்கரவாதம்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இங்கே குண்டு எதுவும் வெடிக்கவில்லை. ஆனால் இந்தப் பக்கத்து ஆட்கள் கூலிக்கு ஏலத்தோட்டத்துக்கு மலை ஏறுகிறவர்கள், பிழைப்புக்குக் கோவை, திருப்பூர், சென்னை என்று போகிறவர்கள். 2023 ஜூனிலிருந்து போடியில் ரயில் ஏறினால் நேரே சென்னை சென்ட்ரலில் இறங்கலாம். ஒரு சம்பவத்தில் நம் ஆள் ஒருவர் சிக்கினால், அவர் எந்த இடத்தில் நின்றிருந்தார் என்பதைப் பொறுத்து அவர் வீட்டுக்கு வரும் பணம் மாறும். இதைப் படித்த பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் மத்திய உள்துறை அமைச்சகத்தின் திட்டம். பயங்கரவாத, வகுப்புவாத, இடதுசாரித் தீவிரவாத வன்முறையில் பாதிக்கப்படும் பொதுமக்களுக்கான உதவித் திட்டம் என்பது அதன் பெயர். எல்லை தாண்டிய துப்பாக்கிச் சூடு, கண்ணிவெடி ஆகியவையும் பிறகு சேர்க்கப்பட்டன. 2008 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. ஆரம்பத்தில் 3 லட்சம் ரூபாய், 2016 ஆகஸ்டிலிருந்து 5 லட்சம். உயிரிழந்தவர் குடும்பத்துக்கும், 50 சதவீதமோ அதற்கு மேலோ நிரந்தர ஊனம் அடைந்தவருக்கும் இந்தப் பணம். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு விசாரித்து முடிவு செய்யும். பணத்தை மொத்தமாகக் கையில் தரமாட்டார்கள். வங்கியில் குறைந்தது மூன்று வருஷம் வைப்புத் தொகையாகப் போட்டு, மூணு மாசத்துக்கு ஒருமுறை வட்டியைக் கணக்கில் சேர்ப்பார்கள்.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். செத்தவர் ஐ.டி. கம்பெனிக்காரரா, தள்ளுவண்டிக்காரரா என்று இந்தத் திட்டம் பார்ப்பதில்லை. எல்லாருக்கும் ஒரே தொகை. பணத்தை வைப்பில் போடுவதும் நல்ல யோசனைதான். சாவு வீட்டுக்கு மொத்தமாகப் பணம் வந்தால் எத்தனை சொந்தக்காரர்கள் முளைப்பார்கள் என்று நம்ம ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த விதியை எழுதியவருக்கு வீடு என்றால் என்ன என்று தெரிந்திருக்கிறது.

இனி குறைகள். பெயரிலேயே ‘உதவி’ என்றுதான் இருக்கிறது, இழப்பீடு என்று இல்லை. இது நாடாளுமன்றம் போட்ட சட்டமும் இல்லை, அமைச்சகம் போட்ட திட்டம். அமைச்சகம் தொகையை உயர்த்தலாம், பல வருஷம் உயர்த்தாமலும் விடலாம். 2016க்குப் பிறகு ஏலக்காய் விலை, தங்கம் விலை, தோட்டக் கூலி எல்லாம் எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். விலைவாசிக்கு ஏற்ப இந்தத் தொகை தானாக ஏறுவதற்கு விதியில் வழியில்லை.

அடுத்தது தேதி. தமிழ்நாட்டில் நாம் ஞாபகம் வைத்திருக்கும் பெரிய சம்பவங்கள் மூன்று. 1984 ஆகஸ்டில் மீனம்பாக்கம் விமான நிலையக் குண்டுவெடிப்பு. 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் அவரோடு கூட்டத்தில் இருந்த பலரும் கொல்லப்பட்டது. 1998 பிப்ரவரி 14 கோவைத் தொடர் குண்டுவெடிப்பு. அதில் 58 பேர் இறந்தார்கள், 200க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். மூன்றுமே 2008 ஏப்ரலுக்கு முந்தியவை, ஆகவே திட்டத்துக்கு வெளியே. கோவை வழக்கில் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வந்ததே 2007-ல். அதற்கு அடுத்த வருஷம்தான் திட்டம் பிறந்தது. ஆக, குற்றவாளிக்குத் தண்டனை கொடுக்கும் நேரத்தில்கூட, பாதிக்கப்பட்டவருக்கென்று நாடு முழுவதற்குமான திட்டம் ஒன்று இல்லை. அன்றன்றைக்கு அரசு அறிவித்ததுதான் கணக்கு.

மூன்றாவது, அந்த 50 சதவீதம். குண்டுவெடிப்பில் அடிபடும் உடம்பு சதவீதக் கணக்கு பார்த்து அடிபடுவதில்லை. காது போகும், ஒரு கண் மங்கும், கையில் மூணு விரல் மடங்காது. ஊனச் சான்றிதழில் 40 என்று எழுதினால் இந்தத் திட்டத்தில் பூஜ்யம். ஏலக்காய் பறிக்கிறவருக்கு விரல் மடங்காவிட்டால் வருமானம் 40 சதவீதம் குறையாது, மொத்தமாக நின்றுபோகும். உடம்பை அளக்கும் அளவுகோலை வைத்துப் பிழைப்பை அளந்திருக்கிறார்கள்.

நான்காவது, குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலை கொடுத்திருந்தால் இந்தப் பணம் கிடையாது. மருமகளுக்கு வேலை கிடைத்தால் கிழவிக்கு வட்டி இல்லை என்று ஆகிவிடும். ஒரே வீட்டுக்குள் யாருக்கு எது என்பதை அந்த விதி யோசிக்கவில்லை.

சரி, இதெல்லாம் ஒரு திட்டத்துக்குள் இருக்கும் ஓட்டைகள். பெரிய கோளாறு வெளியே இருக்கிறது. அதைப் பார்க்க 2008 நவம்பர் 26 மும்பை இரவை எடுத்துக்கொள்வோம். அந்தத் தாக்குதலில் 166 பேர் கொல்லப்பட்டார்கள். ஒரே கூட்டம், ஒரே சதி. ஆனால் சட்டத்தின் கண்ணில் அங்கே மூன்று வகை இழப்பு நடந்திருக்கிறது.

முதல் வகை, சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்துக்குள் சுடப்பட்ட பயணிகள். இவர்களுக்கு ரயில்வே சட்டத்தின் 124-ஏ பிரிவு இருக்கிறது. 1994-ல் சேர்க்கப்பட்டது. ரயிலிலோ, நிலைய வளாகத்திலோ பயங்கரவாதச் செயல் நடந்து பயணி இறந்தாலோ காயப்பட்டாலோ, ரயில்வேயின் மேல் தப்பு இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே இல்லாமல் ரயில்வே இழப்பீடு தரவேண்டும். ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். அன்றைக்கு உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய், 2017 ஜனவரி 1 முதல் 8 லட்சம். காயங்களுக்கும் தனி அட்டவணை உண்டு, 50 சதவீதத்துக்குக் கீழே பூஜ்யம் என்ற கதை அங்கே இல்லை. வேடிக்கை என்னவென்றால், ‘பயங்கரவாதச் செயல்’ என்றால் என்ன என்பதற்கு அந்தச் சட்டம் 1987ஆம் வருஷத்துத் தடா சட்டத்தைக் கைகாட்டுகிறது. தடா 1995-லேயே காலாவதி ஆகிவிட்டது. ஆள்களைப் பிடித்துப்போட வந்த சட்டம் செத்துப்போன பிறகும், அதிலிருந்த ஒரு வரி மட்டும் பாதிக்கப்பட்டவருக்கு உதவிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. இந்தப் பிரிவில் பயணி என்றால் பயண டிக்கெட் எடுத்தவர் மட்டும் இல்லை, பிளாட்பார டிக்கெட் எடுத்தவரும் சேர்த்தி. மகனை ரயிலேற்றிவிட 10 ரூபாய் கொடுத்து உள்ளே போன அம்மாவுக்கும் இந்தச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. உடலோடு டிக்கெட் கிடைக்கவில்லை என்பதற்காகவே மனுவைத் தள்ளக் கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இரண்டாவது வகை, தாஜ், ஓபராய் ஹோட்டல் கட்டடங்கள். அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு வெளிநாட்டு மறுகாப்பீட்டு நிறுவனங்கள் பயங்கரவாத ஆபத்தை ஏற்க மாட்டோம் என்று பின்வாங்கின. உடனே இந்தியாவின் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து 2002 ஏப்ரலில் ஒரு பொதுத் தொகுப்பை உருவாக்கின. ஜி.ஐ.சி. அதை நிர்வகிக்கிறது. சொத்துக் காப்பீடு எடுப்பவர் கூடுதல் பிரீமியம் கட்டினால் பயங்கரவாதச் சேதத்துக்கும் பாதுகாப்பு. மும்பைத் தாக்குதலில் சேதமான ஹோட்டல்களுக்கு இந்தத் தொகுப்பிலிருந்துதான் பணம் போனது. அது கருணை இல்லை, ஒப்பந்தம். இதில் தப்பு ஒன்றும் இல்லை. பிரீமியம் கட்டினார்கள், வாங்கினார்கள்.

மூன்றாவது வகை, ரோட்டில் நின்றவர்கள். டிக்கெட் இல்லை, பாலிசி இல்லை. இவர்களுக்குத்தான் நான் மேலே சொன்ன உதவித் திட்டமும், முதலமைச்சர், பிரதமர் நிவாரண நிதி அறிவிப்புகளும்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ரயில் பயணிக்கு 1994. கட்டடத்துக்கு 2002. ரோட்டில் போகும் சாதாரண மனுஷனுக்கு 2008, அதுவும் உதவியாக. நம் நாட்டில் பயங்கரவாத இழப்பீடு ஆளுக்கு வருவதில்லை, ஆளின் கையிலிருக்கும் காகிதத்துக்கு வருகிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இதுதான். காகிதம் இருந்தால் உரிமை. இல்லாவிட்டால் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டியது.

2014 மே 1 காலை சென்னை சென்ட்ரலில் கவுகாத்தி–பெங்களூரு ரயிலில் குண்டு வெடித்தது. ஓர் இளம்பெண் இறந்தார், 14 பேர் காயமடைந்தார்கள். அந்தப் பெட்டிக்குள் இருந்தவர்களுக்குத் தீர்ப்பாயத்தின் கதவு சட்டப்படி திறந்திருந்தது. அதே குண்டு நிலையத்துக்கு எதிரே பூந்தமல்லி ரோட்டுப் பஸ் ஸ்டாப்பில் வெடித்திருந்தால்? நூறு அடி தூரம்தான் வித்தியாசம். ஆனால் தொகையும் வேறு, அதைக் கேட்கும் இடமும் வேறு, கேட்கிறவரின் நிலையும் வேறு.

காகிதம் இல்லாதவர்கள் என்றால் யார் என்று எங்கள் மலைச்சரிவில் இருப்பவர்களிடம் கேட்கலாம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்தபோது, இடுக்கியின் ஏலத்தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் மிரட்டலுக்கும் தாக்குதலுக்கும் பயந்து காட்டுப்பாதை வழியாகக் குழந்தை குட்டிகளோடு நடந்து தேவாரத்துக்கும் போடிக்கும் இறங்கினார்கள். கூலி பாக்கி, சட்டி பானை, ஆடு கோழி எல்லாம் மேலேயே கிடந்தது. அது பயங்கரவாதம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மத்தியத் திட்டத்தின் பட்டியலைப் பாருங்கள். மதத்தின் பெயரால் நடக்கும் வன்முறைக்கு இடமிருக்கிறது. மொழியின் பெயரால், மாநில எல்லையின் பெயரால் ஒரு கும்பல் அடித்து யாராவது இறந்தால் அவர் எந்தத் தலைப்பில் வருவார்? தலைப்பு எதுவும் இல்லை. அடிக்கிறவன் என்ன கோஷம் போட்டான் என்பதை வைத்து அடிபட்டவனின் தகுதியை முடிவு செய்கிற பட்டியல் அது.

பயங்கரவாதத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே வந்து பார்த்தாலும் இதே கதைதான். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்கள், அவர்கள் பிள்ளைகள். மறுநாள் கரிப்பூரில் விமானம் விழுந்தது. கேரள அரசு பெட்டிமுடிக்கு 5 லட்சம், கரிப்பூருக்கு 10 லட்சம் அறிவித்தது. விமானப் பயணிக்கு டிக்கெட் என்ற காகிதத்தின் பேரில் சட்டப்படி விமான நிறுவனம் தரவேண்டிய இழப்பீடு வேறு. லயத்தில் தூங்கியவருக்கு அது இல்லை. குறைவாகக் கிடைப்பவருக்குக் கருணையாவது கூடுதலாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? அங்கே தலைகீழாக இருந்தது. எங்களுக்கு இன்னும் பக்கத்தில், 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தபோது தமிழக அரசு அறிவித்தது 4 லட்சம். 2024-ல் கள்ளக்குறிச்சிக் கள்ளச்சாராயச் சாவுகளுக்கு 10 லட்சம். கள்ளக்குறிச்சிக்கு அதிகம் என்று நான் சொல்லவில்லை. அந்த வீடுகளின் பசியும் பசிதான். ஏன் அங்கே பத்து, இங்கே நாலு என்பதற்கு யாராலும் ஒரு விதியைக் காட்ட முடியாது என்றுதான் சொல்கிறேன். அன்றைக்கு எவ்வளவு சத்தம் எழுந்ததோ அதுதான் விதி.

2025 ஏப்ரல் 22 பஹல்காம் இதை இன்னும் பளிச்சென்று காட்டியது. ஒரே புல்வெளியில் 26 பேர். ஜம்மு காஷ்மீர் அரசு தலா 10 லட்சம் அறிவித்தது. அதற்கு மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் ஊர்க்காரருக்குத் தனியாக அறிவித்தது. கர்நாடகம் 10 லட்சம், மகாராஷ்டிரம் 50 லட்சம். பக்கத்தில் பக்கத்தில் விழுந்தவர்களின் ரேஷன் கார்டு எந்த மாநிலத்தது என்பது தொகையைத் தீர்மானித்தது. மகாராஷ்டிரம் தாராளமாக இருந்ததைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பயங்கரவாதத்தை எதிர்ப்பது தேசத்தின் கடமை என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். பாதிக்கப்பட்டவரைப் பார்த்துக்கொள்ளும் நேரம் வரும்போது மட்டும் அது அவரவர் மாநிலத்தின் வசதிக்குப் போய்விடுகிறது.

இனி எதிர்ப்பக்கத்தைப் பார்ப்போம். பயங்கரவாதத்தைத் தடுக்கும் சட்டங்கள் இப்படித் தளர்வாக எழுதப்பட்டிருக்கின்றனவா? இல்லவே இல்லை. மும்பைத் தாக்குதல் நடந்து ஒரே மாதத்துக்குள் நாடாளுமன்றம் தேசியப் புலனாய்வு முகமைச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமும் அப்போதே இறுக்கப்பட்டது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாமல் 180 நாள் வரை உள்ளே வைக்கலாம், ஜாமீன் கிடைப்பது மிகக் கடினம். 2019 திருத்தத்தில் தனி நபரையே பயங்கரவாதி என்று அறிவிக்கும் அதிகாரமும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் பிரிவு, உட்பிரிவு, கால வரம்பு, அதிகாரியின் பதவிநிலை எல்லாம் உண்டு. இவற்றில் எது தேவை, எது அத்துமீறல் என்பது தனி விவாதம். நான் தேடியது வேறு. பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு என்று ஒரு பிரிவு இவற்றில் இருக்கிறதா? இல்லை.

பணம் பற்றிய பிரிவுகள் இல்லாமலும் இல்லை. பயங்கரவாதத்தால் வந்த சொத்தைப் பறிமுதல் செய்ய ஓர் அத்தியாயமே இருக்கிறது. பறிமுதல் ஆனது எங்கே போகும்? மத்திய அரசுக்கோ மாநில அரசுக்கோ. குண்டு வைத்தவனின் வீடு ஏலம் போனால் அந்தப் பணத்தில், காலை இழந்தவருக்கு ஒரு பங்கு என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. முடியாத காரியம் ஒன்றுமில்லை இது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 107ஆம் பிரிவில், குற்றத்தில் சம்பாதித்த சொத்தை முடக்கி, பாதிக்கப்பட்டவர்களுக்கு மாவட்ட நிர்வாகம் 60 நாளுக்குள் பிரித்துக் கொடுக்க வழி செய்திருக்கிறார்கள். இதே யோசனையைப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்துக்குள் நேரடியாக எழுதியிருக்கலாமே? எழுதவில்லை.

இன்னொரு கூட்டமும் காகிதம் இல்லாமல் நிற்கிறது. தவறாகப் பிடிக்கப்பட்டவர்கள். பொடா என்றால் நம்ம பக்கத்து ஆட்களுக்கு 2002 திருமங்கலம் கூட்டத்தில் பேசியதற்காக வைகோ 19 மாதம் சிறையில் இருந்தது ஞாபகம் வரும். அவ்வளவு கடுமையான பொடாவில்கூட 58ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. கெட்ட நோக்கத்தோடு ஒருவர் மேல் வழக்குப் போட்டிருந்தால் அவருக்கு நட்டஈடு கொடுக்கச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம். 2004-ல் பொடாவை ரத்து செய்தபோது அதன் கடுமையான பகுதிகள் பல சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்குள் குடிபெயர்ந்தன. 58ஆம் பிரிவு மட்டும் வண்டி ஏறவில்லை. அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவர்கள் உட்பட ஆறு பேரை 2014-ல் உச்ச நீதிமன்றம் நிரபராதிகள் என்று விடுவித்தது. அவர்கள் நட்டஈடு கேட்டபோது, இது தவறான முன்னுதாரணம் ஆகிவிடும் என்று 2016-ல் அதே நீதிமன்றம் மறுத்தது. தவறான வழக்குக்கு நட்டஈடு தர ஒரு சட்டம் வேண்டும் என்று 2018-ல் சட்ட ஆணையம் தன் 277ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. பரிந்துரைத்த இடத்திலேயே அது நிற்கிறது. இவர்களைப் பயங்கரவாதத்தில் செத்தவர்களோடு சேர்க்கலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். என் பார்வையில் இரண்டு பேருக்கும் பிரச்சினை ஒன்றுதான். பாதுகாக்கும் வேலையை அரசு எடுத்துக்கொண்டது. அந்த வேலை தவறியதால் ஏற்பட்ட நஷ்டத்தை மட்டும் அவரவர் சுமக்க வேண்டியிருக்கிறது.

மறுப்புகளுக்கு வருவோம். ‘குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357-ஏ இருக்கே, நீ ஏன் ஒண்ணுமே இல்லைங்குறே?’ என்று சட்டம் தெரிந்த நண்பர்கள் கேட்பார்கள். சரிதான். 2009 டிசம்பர் 31 முதல் அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்தது. எல்லா மாநிலமும் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம் வைக்கவேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2013-ல் திட்டம் வந்தது. இப்போது அது புதிய சட்டத்தின் 396ஆம் பிரிவு. குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் மனுக் கொடுக்கலாம். இது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு தொகை என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தவிர, எல்லாக் குற்றங்களுக்கும் பொதுவான ஏற்பாடு அது. ஒரே நேரத்தில் நூறு பேர் அடிபடும் சம்பவத்தில் யார் பதிவு செய்வது, வருஷக்கணக்கான சிகிச்சைக்கு யார் பொறுப்பு என்பதற்கெல்லாம் அதில் தனிப் பதில் இல்லை. கேட்டால்தான் கிடைக்கும். கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

‘உயிருக்கு விலை போட முடியுமா?’ என்பது அடுத்த மறுப்பு. முடியாதுதான். ஆனால் வாடகை, பள்ளிக் கட்டணம், செயற்கைக் கால், அதை மாற்றும் செலவு இவற்றுக்கெல்லாம் விலை உண்டு. இழப்பீடு அதற்குத்தான். பிறகு, ‘கஜானா தாங்குமா?’ பிரான்ஸ் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1986-ல் பாரிஸில் தொடர்ந்து குண்டுகள் வெடித்த காலத்தில் அங்கே சட்டம் போட்டு ஒரு நிதியம் தொடங்கினார்கள். நாட்டில் எடுக்கப்படும் ஒவ்வொரு சொத்துக் காப்பீட்டு ஒப்பந்தத்தின் மேலும் சில யூரோ தீர்வை. அந்தப் பணத்தில் பயங்கரவாதத்தில் அடிபட்டவரின் உடல் இழப்பு முழுவதற்கும் ஈடு. பிரான்ஸ் மண்ணில் அடிபட்டவர் வெளிநாட்டவராக இருந்தாலும் உரிமை உண்டு. இங்கே அப்படியே பொருந்தாது என்பது தெரியும், நம்மூரில் வீட்டுக்குக் காப்பீடு எடுப்பவரே குறைவு. ஆனால் கட்டடத்துக்காக 2002-ல் தொகுப்பு உண்டாக்கத் தெரிந்தவர்களுக்கு, அதே பிரீமியத்தில் ஒரு சின்னப் பங்கை மனுஷனுக்காக ஒதுக்கத் தெரியாதா?

பக்கத்து இலங்கையின் பதில் வேறு மாதிரி. 2019 ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் இறந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். இந்திய உளவுத்துறை ஏப்ரல் 4ஆம் தேதியே எச்சரிக்கை அனுப்பியிருந்தது. அடிப்படை உரிமை மனுக்களை விசாரித்த ஏழு நீதிபதிகள் அமர்வு 2023 ஜனவரி 12 அன்று தீர்ப்புச் சொன்னது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி இலங்கை ரூபாய், பொலிஸ் மா அதிபராக இருந்த பூஜித் ஜயசுந்தர 7.5 கோடி, உளவுத்துறைத் தலைவராக இருந்த நிலந்த ஜயவர்தன 7.5 கோடி, பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி. எல்லாம் சொந்தப் பணத்திலிருந்து பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்குக் கட்டவேண்டும். சிறிசேன தவணை கேட்டுக் கட்டினார்.

இந்தப் பணத்தைப் பாதிக்கப்பட்டவர்களிடையே பங்கிட்டால் ஒரு குடும்பத்துக்குப் பெரிதாக ஒன்றும் வராது. ஆனால் அந்தத் தீர்ப்பு ‘உதவி’ என்ற சொல்லைக் கிழித்துப் போட்டது. எச்சரிக்கை வந்தும் தூங்கினீர்கள், ஆகவே கட்டுங்கள் என்றது. நம்மிடம் இந்தக் கோட்பாடு இல்லாமல் இல்லை. அரசின் தவறால் உயிர் போனால் அரசே நேரடியாக நட்டஈடு தரவேண்டும் என்று 1993-ல் நீலாபதி பெஹரா வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது காவல் மரணம். உளவுத் தகவல் கோட்டைவிடப்பட்ட வழக்குகளுக்கு அந்த நூல் இன்னும் நீளவில்லை.

என் பார்வையில் நாலு மாற்றங்கள் போதும். ஒன்று, 2008 திட்டத்தைச் சட்டமாக்கவேண்டும். பெயரில் ‘உதவி’ போய் ‘இழப்பீடு’ வரட்டும். ரயில்வே சட்டத்தின் 124-ஏ முன்மாதிரியாகவே இருக்கிறது, அதை ரயில் நிலைய வாசலைத் தாண்டி ரோட்டுக்குக் கொண்டுவந்தால் போதும். இரண்டு, தொகை விலைவாசியோடு ஏறவேண்டும், ஊனத்துக்கு 50 என்ற வெட்டுக்கோடு போய் ரயில்வேயில் இருப்பது போல அட்டவணை வரவேண்டும். மூன்று, பறிமுதல் ஆகும் பயங்கரவாதச் சொத்தில் முதல் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு. நான்கு, வழக்கிலிருந்து நிரபராதி என்று விடுதலை ஆனவருக்கும் அதே சட்டத்தில் ஓர் அத்தியாயம். மாநில அரசுகள் தங்கள் பங்குக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கூடுதலாகக் கொடுக்கட்டும். அடித்தளம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

சட்டம் மாறும்வரை இருப்பதையாவது பயன்படுத்த வேண்டும். இப்படி ஏதாவது ஒன்றில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது சிக்கியிருந்தால் முதல் தகவல் அறிக்கையின் நகல், காயச் சான்றிதழ் அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ் இவற்றைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். ரயிலிலோ ஸ்டேஷனிலோ நடந்தது என்றால் ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயம். வேறு எங்கே என்றாலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, கூடவே மத்தியத் திட்டத்துக்காக ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மனு. நிவாரண நிதிக் காசோலை வந்துவிட்டது, இனி எதுவும் கேட்கக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.